ஏழுக்கு மேல் கொடுத்ததில்லை

கான்ஸ்டன்சா துறைமுகம், மூன்றாம் எண் எடைமேடை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
இந்தக் கண்ணாடிக் கூண்டில் ஸ்மராண்டா என்கிற நான்.
அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லை.
ஆகவே உலாவியில் திறப்பதை மட்டும் ஆடுகிறேன்,
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
நாலு நிமிடம்,
சில இரவுகளில் நாற்பது.

வீணான எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில்
பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறேன்.
யாரும் கேட்கவில்லைதான்.

மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பது: இரண்டு.
நான் யோசிக்கத் தொடங்கும் முன்பே
சரியான மிட்டாய் தானாகக் குலுங்குகிறது,
பரீட்சையில் கேட்காமலே விடைத்தாளை நீட்டும்
பக்கத்துப் பெஞ்சுக்காரனைப் போல.
கை தவறிப் பட்டதற்கெல்லாம் "அபாரம்!" என்கிறது.
பதினோரு வருடத்தில் மேலாளர் பெட்ருட்ஸ்
ஒரே ஒருமுறை "பரவாயில்லை" என்றார்.
அந்தச் சொல் இன்னும் எடை குறையவில்லை.

ரொட்டிக்கடை நடத்துவது: மூன்று.
வாடிக்கையாளர் கோபத்தில் சிவக்கிறார், சரி.
ஆனால் சாயங்காலம் ஒரு ரொட்டிகூட மீறுவதில்லை.
மீந்ததை என்ன செய்வதென்று
ஒருநாளும் கவலைப்படாதவர்கள் வரைந்த கடை.

மீன் பிடிப்பது: ஒன்று.
தூண்டில் போட்டால் மீன்.
மறுபடி போட்டால் மறுபடி மீன்.
என் அண்ணன் விர்ஜில் அலைதடுப்புக் கல்லில்
ஞாயிறு முழுக்க உட்கார்ந்துவிட்டு
வெறும் வாளியோடு வீடு திரும்புவான்,
ஏதோ பிடித்தவன் முகத்தோடு.
அந்த முகம் இந்த விளையாட்டில் இல்லை.

விளம்பரங்களுக்கு மதிப்பெண் கிடையாது, வசவுதான்.
மூடும் பெருக்கல் குறி கடுகளவு;
அதைத் தொட்டால் இன்னொரு கடை திறக்கிறது.
ஐந்து இதயமும் தீர்ந்துவிட்டதாம்,
அரைமணி காத்திருக்க வேண்டுமாம்.
காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளமே, மடையா.
அதிலிருந்து தப்பிக்க அல்லவா உன்னிடம் வந்தேன்?

மார்ச்சில் ஒரு தராசு விளையாட்டு கிடைத்தது.
நம் தொழிலாயிற்றே என்று ஆவலாகத் திறந்தேன்.
யானையும் பூசணியும் ஒரே வேகத்தில் இறங்கின.
முள் ஒருதரம்கூட நடுங்கவில்லை.
இங்கே கடல்காற்று அடித்தாலே
இருபது கிலோ ஏறி இறங்கும்;
நடுங்காத முள்ளை நான் நம்பமாட்டேன்.
பூஜ்யம் போட்டேன். அடித்தேன்.
மறுபடி பூஜ்யமே போட்டேன்.

பெயரில்லாத ஒன்று இருக்கிறது.
சாம்பல் நிறத் தண்ணீர், ஒரு படகு, ஒரு கரை.
இசை இல்லை. இயந்திரத்தை நிறுத்திய பிறகும்
படகு தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.
இடித்தால் "டொம்", திரும்ப முதலிலிருந்து.
திட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை.
பத்தொன்பதாவது இரவு, மூன்று மணிக்கு
உரசாமல் கொண்டுபோய் நிறுத்தினேன்.
ஒரு கயிறு வந்து கட்டிக்கொண்டது. அவ்வளவே.
கூண்டுக்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏழு.
படகில் யாருமே இல்லை என்பதற்காக
ஒன்றைக் குறைத்தேன்;
மற்ற இரண்டை யாருக்கும் தருவதில்லை.

அந்தச் சீட்டு கைமாறி
சூரியகாந்தி விதை ஏற்றிவரும் நெகுலாயிடம் போய்விட்டது.
அடுத்த வியாழன் ஜன்னலைத் தட்டினான்.
"வரிசையில் நிற்கும்போது போனில் ஆடினேன்.
ஏழு அநியாயம்.
படகில் ஆளில்லாமல் இருக்கட்டும்,
கரையிலிருந்து கயிறு வீசியது யார்?"

எனக்கு அது தோன்றவே இல்லை.
அதைக் காட்டிக்கொள்ளாமல்
ஏழரை என்று எழுதிப் பார்த்தேன்.
அந்த எண்ணே விளங்காததாகத் தெரிந்தது,
அரையை அடித்துவிட்டேன்.
"கயிறு வீசுகிறவன் கையையாவது வரைந்திருக்கலாம்" என்றேன்.
"கையை வரைந்தால் நீ முகத்தையும் கேட்பாய்" என்றான்.
பின்னால் ஆறு லாரிகள் ஹாரன் அடித்தன.

அனுமதித்ததைவிட அவன் வண்டியில்
நாற்பது கிலோ அதிகம்.
அதை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டோம்.